தூக்கத்துக்குப் போட்ட ஊசி

சூரியநெல்லி கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே அறை எடுத்து நான் அக்குபங்சர் பார்க்க ஆரம்பித்தபோது முதலில் படியேறி வந்தவர்கள் நோயாளிகள் இல்லை, ஜீப் டிரைவர்கள். சவாரிக்குக் காத்திருக்கிற நேரத்தில் மேலே வந்து எட்டிப் பார்த்து, சைனா ஊசி என்றால் எத்தனை நாளைக்குத் தாங்கும், வாரண்டி உண்டா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சைனா செல்போன் வாங்கி ஏமாந்தவர்களின் கேள்வி. ஊசி தாங்கும், குத்திக்கொள்கிற ஆள் தாங்குவாரா என்றுதான் தெரியவில்லை என்று நானும் பதிலுக்குச் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். போடியில் பிறந்து வளர்ந்தவள். அந்த ஊரில் வாய் இல்லாதவளுக்குப் பஸ்ஸில் சீட் கிடைக்காது.

பலகையில் 'மருந்தில்லா மருத்துவம்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தேன். டாக்டர் என்று போட்டுக்கொள்ளவில்லை, நான் டாக்டர் இல்லை. இருந்தாலும் எல்லோருக்கும் நான் டாக்டரம்மாதான். வாரத்தில் பாதி நாள் அந்த அறையிலேயே தங்கிக்கொள்வேன், மீதி நாள் போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கி வீட்டுக்குப் போய்விடுவேன்.

இந்த வைத்தியத்தில் ஊசி குத்துவது சின்ன வேலை. பெரிய வேலை கேட்பது. தலைவலி என்று வந்தவளிடம் மலம் எப்படிப் போகிறது, தாகத்துக்கு வெந்நீர் வேண்டியிருக்கிறதா பச்சைத் தண்ணீரா, வியர்வை எப்போது வருகிறது, கனவில் என்ன வருகிறது, எதைக் கண்டால் பயம் என்றெல்லாம் கேட்க வேண்டும். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்புறம் இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்க்க வேண்டும். ஒவ்வொரு விரலுக்குக் கீழேயும் ஒவ்வொரு உறுப்பு பேசும். நோயைப் பார்க்காதே, ஆளைப் பார், முழு ஆளையும் பார் என்பதுதான் நான் படித்ததன் சாரம். சிறுநீரகத்தில் பயம் தங்கும், ஈரலில் கோபம் தங்கும், நுரையீரலில் துக்கம் தங்கும் என்று படித்தபோது எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. ஈரக்குலை நடுங்குகிறது, வயிறு எரிகிறது, நெஞ்சை அடைக்கிறது என்று நாம் எப்போதும் சொல்வதுதானே.

தேயிலை எஸ்டேட் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். மற்ற நாளில் கொழுந்துக் காட்டை விட்டு நகர முடியாது. தோள்பட்டை, முழங்கால், இடுப்பு, மரத்துப்போன விரல்கள். என்ன வேண்டும் என்று கேட்டால் ஒருவர்கூட சுகமாக வேண்டும் என்று சொன்னதில்லை. நாளைக்கு வேலைக்குப் போகிற மாதிரி ஆக்கிவிடுங்கள் என்பார்கள். முதலில் எனக்கு இதைக் கேட்டால் சுள்ளென்று கோபம் வரும். நான் என்ன வண்டியா ரிப்பேர் பார்க்கிறேன் என்று கத்தியிருக்கிறேன். கத்தினால் சிரிப்பார்கள்.

அந்த அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். மெலிந்த, எலும்பு தெரிகிற உடம்பு. நாக்கை நீட்டச் சொன்னேன். வெற்றிலைக் கறை போக அழுந்த வழித்துவிட்டு வந்திருந்தார். டாக்டரம்மாவிடம் அழுக்கு நாக்கைக் காட்டலாமா என்ற மரியாதை. இங்கே எல்லோரும் அப்படித்தான் வருவார்கள், எனக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. இனிமேல் வழிக்காமல் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

மனப்பாடம் செய்து வந்தது போலச் சொன்னார். காலையில் குமட்டுகிறது, சோற்று வாடையே ஆகவில்லை. வாயில் எப்போதும் தகரத்தை நக்கின ருசி. முதுகின் கீழ்ப்பக்கம் வலி. ராத்திரி ஓயாமல் ஒண்ணுக்குப் போக வேண்டியிருக்கிறது. உடம்பெல்லாம் ஊறல். கால் வீங்கிச் செருப்புப் போட முடியவில்லை. எல்லாம் சிறுநீரகம் கெட்டதன் அடையாளங்கள். இது நான் தொடுகிற நோய் இல்லை, கீழே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் நோய். ஆனால் சேலையைத் தூக்கிக் காலைக் காட்டச் சொன்னால் அது விறகுக்குச்சி போல இருந்தது. கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், குழி விழவில்லை. இப்போது வீக்கம் வற்றியிருக்கிறது என்றார். நாடி பார்த்தால் அதுவும் வேறு கதை சொன்னது. சிறுநீரகம் இருக்கிற இடத்தில் பெரிய குறையில்லை. ஈரல் நாடிதான் இழுத்துக் கட்டின கம்பியாக விரலைத் தள்ளியது. பல காலமாகத் தூங்காத, எதையோ மென்று முழுங்கிக்கொண்டிருக்கிற ஆளின் நாடி அது. தூக்கம் எப்படி என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டி ஒதுக்கினார்.

இன்னொன்றையும் கவனித்தேன். குமட்டலைப் பற்றி, ஊறலைப் பற்றிக் கேட்டால் டக்டக்கென்று பதில் வரும். உங்களுக்குப் புளிப்புப் பிடிக்குமா இனிப்புப் பிடிக்குமா என்று கேட்டால் முழித்தார். யோசித்து யோசித்து, எனக்கென்ன, எது இருந்தாலும் தின்பேன் என்றார். தன்னைப் பற்றிய கேள்விக்குத்தான் அவரிடம் விடை இல்லை.

ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். செய்துவிட்டு வருகிறேன் என்று தலையாட்டினார். நாடி காட்டினதற்கு மட்டும், அதாவது தூக்கத்துக்கும் மனப்பாரத்துக்கும், ஊசி போட்டேன். அவர் சொன்ன குமட்டலுக்கும் முதுகு வலிக்கும் வீட்டில் விரலால் அழுத்திக்கொள்ளும் இடங்களைக் காட்டினேன். ஒவ்வொரு இடத்திலும் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி ஒன்று, உள் கணுக்காலுக்குப் பின்னால் ஒன்று, மணிக்கட்டில் மூன்று விரல் மேலே ஒன்று. அக்கறையான ஆள்தான் என்று மெச்சிக்கொண்டேன்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் வந்தார். பரிசோதனைக்குப் போகவில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. நோய் குறைந்ததா என்றால் இல்லை, கூடியிருக்கிறது என்பார். முகத்தைப் பார்த்தால் ஆள் தெளிந்துகொண்டு வருகிறார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு மங்கியிருந்தது. நாடியில் இருந்த முறுக்கு இளகியிருந்தது. சொல்கிற நோயும் இருக்கிற உடம்பும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவில்லை. நான் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் கேட்டார்.

"டாக்டரம்மா, காலு பெருசா இருந்தா இந்தப் புள்ளி தள்ளிப் போகுமா?"

யாருடைய கால் என்று கேட்டேன். அவர் தலை குனிந்துகொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வைத்தியத்தில் இடத்தை அளக்க ஸ்கேல் கிடையாது. அவரவர் உடம்புக்கு அவரவர் விரல்தான் அளவு. நான் நாலு விரல் என்று காட்டியது அவருடைய நாலு விரல். அவர் தன் மெலிந்த விரல்களை வைத்து வேறொருவருடைய நீளக் காலில் அளந்து, ஒவ்வொரு ராத்திரியும் தப்பான இடத்தில் அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறார். பேனாப் புள்ளி அதற்குத்தான். வீட்டுக்குப் போய்த் தன் காலையும் அந்தக் காலையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிவைத்துப் பார்த்துப் பார்த்து அழுத்தியிருக்கிறார்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. நோயைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வர முடியுமா, நீங்கள் என்ன கோயிலுக்கு நேர்த்திக்கடனா செலுத்துகிறீர்கள், யாருக்கோ வேண்டிக்கொண்டு நீங்கள் மொட்டை போட, என்று கத்தினேன். நான் கத்தி முடித்த பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

நோய் அவருடைய வீட்டுக்காரருக்கு. எஸ்டேட்டில் முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு களைக்கு மருந்தடிக்கிற வேலை, இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து. மருந்துதான் இப்படிச் செய்ததா என்று நான் சொல்ல முடியாது, அதைச் சொல்லும் படிப்பு என்னிடம் இல்லை. எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனால் ஆபீசுக்குத் தெரிந்துவிடும். என் அறைக்கு வந்தால் கடைத்தெருவே பார்க்கும். சூப்பர்வைசரின் மனைவியே என்னிடம் முழங்காலுக்கு வருகிறவர். ஆள் அன்ஃபிட் என்று ஆகிவிட்டால் வேலை போகும், வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு போகும். அக்காவும் கொழுந்து கிள்ளுகிறார்தான், ஆனால் டெம்ப்ரவரி. வீடு நிற்பது வீட்டுக்காரர், அந்த அண்ணன் பேரில். வீட்டில் ஒரு பேர் நிரந்தரமாக வேலையில் இருக்கிறவரைதான் வீடு. அவர்களுடைய முன்னோர்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள், அங்கே இப்போது ஒரு சாண் நிலமும் இல்லை, போய் நின்றால் இன்னார் என்று அடையாளம் சொல்ல ஆளும் இல்லை.

வீட்டைக் காப்பாற்ற இன்னொரு வழி உண்டு. அண்ணனுக்குப் பதிலாக மகள் பேரைப் பதியலாம். மகள் தேனியில் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கையில் கொழுந்துக் கத்திரியைக் கொடுக்கக் கூடாது, அவள் படிப்பு முடிந்து எங்காவது ஒரு வேலையில் உட்காரும்வரை அண்ணன் டேங்க்கைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியாக வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் கூடிப் பேசி எடுத்த முடிவு இது. மகளுக்கு ஒன்றும் தெரியாது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா, வாரத்துக்கு ரெண்டு தடவ ரத்தத்தச் சுத்தம் பண்ணணும்னு சொல்லிருவாகளாம். அப்புறம் எப்பிடிம்மா மறைக்கிறது?" என்றார் அக்கா.

நோய் என்னவென்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஆஸ்பத்திரியைத் தவிர்த்திருக்கிறார்கள். எனக்கு மேற்கொண்டு கத்த முடியவில்லை. அந்த அண்ணனை ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் இனி ஒரு புள்ளிகூடச் சொல்லித்தர மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

கடைத்தெருவில் பார்க்க முடியாது. நான் வீட்டுக்கு இறங்குகிற வழியில், போடிமெட்டில், எனக்குத் தெரிந்த ஒரு டீக்கடையின் பின்பக்கம் ஒரு பெஞ்சு உண்டு. அங்கே கூட்டிவரச் சொன்னேன். அடுத்த ஞாயிறு மதியம் நான் போனபோது இருவரும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மூடுபனி இறங்கி எதிரில் நிற்கிற லாரிகூடத் தெரியவில்லை. அதுவும் அவர்களுக்கு வசதியாகத்தான் இருந்தது.

உயரமான மனிதர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். மருந்தில்லாத வைத்தியம் என்று போர்டு போட்டிருக்கிறீர்களாமே, நான் மருந்தடிக்கிறவன், நமக்கு ஒத்துவருமா என்று சிரித்தார். சிரித்தபோது வாயிலிருந்து வந்த வாடை, சிறுநீர் வாடை, எனக்கு முக்கால்வாசியைச் சொல்லிவிட்டது. கால் முன்னெலும்பில் விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். விழுந்த குழி அப்படியே நின்றது. நாக்கு வெளுத்து உப்பி, ஓரமெல்லாம் பல் தடம். நாடியில் என் மூன்றாவது விரலுக்குக் கீழே, சிறுநீரகம் பேசுகிற இடத்தில், ஒன்றுமே இல்லை, இரண்டு கையிலும். ஆள் எப்படி நடமாடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அக்கா வாரம் தவறாமல் வந்து தன் உடம்பென்று சொல்லிக்கொண்டிருந்த ஒவ்வொன்றும் இந்த உடம்பில் இருந்தது. அவர் ஒன்றைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருக்கவில்லை.

"முதுகுக்கு மட்டும் ஒரு ஊசி போட்டு விடுங்கம்மா. அது தாங்குனாப் போதும்," என்றார்.

போட மாட்டேன் என்றேன். "வலியை எடுத்து விட்டா நீங்க நாளைக்கும் டேங்க்கைத் தூக்கிட்டு ஏறிருவீங்க அண்ணே."

"அதுக்குத்தானம்மா வந்தேன்."

எவ்வளவோ பேசினேன். பயமுறுத்தினேன், கெஞ்சினேன், மகளுக்குப் போன் போடுவேன் என்று மிரட்டியும் பார்த்தேன். மகள் என்றதும் அடங்கினார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு தவிர ஒன்றும் இருக்காது. ஆகவே நாளைக்கு விட்டு அடுத்த திங்கட்கிழமைக்கு, போடியில் சொந்தக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து என்று சொல்லி இரண்டு பேரும் லீவு கேட்பது. நானும் கூடப் போவது. முதலில் டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்போம், மறைப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். நாளைக்கே கிளம்புங்கள் என்று ஆன மட்டும் மன்றாடினேன். உடனே லீவு கேட்டால் சந்தேகம் வரும் என்றார்.

அக்கா டீ வாங்க முன்பக்கம் போன நேரத்தில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் ஒன்று சொன்னார்.

"அவ இப்ப தூங்குறா டாக்டரம்மா. கல்யாணம் முடிச்ச நாள்லருந்து இப்பிடி அசந்து தூங்கி நான் பாத்ததில்ல. ஒங்களுக்குப் பெரிய புண்ணியம்."

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். அண்ணனுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்துபோன அந்த நேரத்தில், அக்காவுக்காவது நல்லது செய்திருக்கிறோமே என்று பட்டது. அக்கா அந்தத் தூக்கத்தை என்னிடம் ஒரு குற்றம் போலத்தான், எல்லாவற்றையும் சொன்ன அன்று சொல்லியிருந்தார். கண்ணை மூடினால் விடிந்துவிடுகிறதம்மா, நடுவில் முழிப்பே வரவில்லை என்று. தூங்கினால்தானே அவரைப் பார்த்துக்கொள்ளத் தெம்பு இருக்கும் என்று அதட்டி, அதே இடங்களில் மறுபடியும் ஊசி போட்டு அனுப்பினேன். அவர் ராத்திரியில் எதற்காக முழித்திருந்தார் என்று நான் கேட்டிருக்கலாம். தூங்காதது நோய் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

அதை அக்காவே பின்னால் சொன்னார். அந்த லயத்து வீடுகளுக்குக் கக்கூஸ் பின்பக்கம், நாலைந்து படி இறங்கிப் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் ஆனை வராத மாதம் கிடையாது. அரிசிக்கும் உப்புக்கும் மோப்பம் பிடித்து வீட்டுச் சுவரைத் தள்ளியிருக்கிறது, ரேஷன் கடையை உடைத்திருக்கிறது, ஆட்களையும் கொன்றிருக்கிறது. இருட்டினால் யாரும் தனியாகக் கதவைத் திறப்பதில்லை. அண்ணனோ ராத்திரி முழுக்க ஒண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிற ஆள். வீட்டுக்குள் ஒரு வாளியை வைத்துக்கொள்ளுங்கள் என்றால் சமைக்கிற இடத்தில் எப்படி என்று மானம் பார்க்கிறவர். அவர் எழுந்திருக்கிற ஒவ்வொரு தடவையும் அக்கா முன்னால் எழுந்து, டார்ச்சை அடித்துப் பார்த்து, சத்தம் கேட்டு, அப்புறம் அவர் கையைப் பிடித்துப் படி இறக்கி, திரும்பக் கூட்டி வருவார். இப்படியே வருஷக்கணக்கில். அக்காவின் தூக்கமின்மை என்பது அண்ணனுக்குக் காவல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வரவில்லை. திங்கட்கிழமைக்காகத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். கீழே பலசரக்குக் கடைக்காரர்தான் சொன்னார், எஸ்டேட்டில் இன்ன டிவிஷனில் மருந்தடிக்கிற ஒருத்தர் மழையில் விழுந்து கிடந்தாராம், தேனிக்குக் கொண்டுபோனார்களாம், ஆள் போய்விட்டாராம் என்று. எடை போட்டுக்கொண்டே சொன்னார். அது அக்கா இருக்கிற டிவிஷன். உடனே ஜீப் பிடித்துப் போனேன்.

நடந்தது இதுதான். மழை கொட்டிய ஒரு ராத்திரி அண்ணனுக்கு முழிப்புத் தட்டியிருக்கிறது. பக்கத்தில் அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கும் அவர் எழுப்பவில்லை. தானே கதவைத் திறந்து படியில் இறங்கியிருக்கிறார். பாசி வழுக்கியதோ, தலை சுற்றியதோ, விழுந்தவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், மழையில் குரல் எடுபடவில்லை. கைக்கு எட்டிய தகரத்தைத் தட்டியிருக்கிறார். அந்தத் தகரச் சத்தம் அடுத்தடுத்த வீடுகளில் எல்லோருக்கும் கேட்டது. ஆனை என்று நினைத்தார்கள். ஆனை வந்தால் அங்கே என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். எரிந்துகொண்டிருந்த லைட்டை அணைத்தார்கள், பிள்ளைகளை உள்பக்கச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள், மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் நின்றதும், ஆனை போய்விட்டது, கும்பிட்ட சாமி காப்பாற்றியது என்று படுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அவளை நான் என்ன குறை சொல்ல? அந்தச் சத்தத்துக்கு அந்த ஊரில் வேறு அர்த்தம் கிடையாது.

விடியக்காலையில் மஸ்டருக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, கிளம்பியவர்கள்தான் பார்த்தார்கள். அதுவரை அக்காவுக்கு முழிப்பு வரவில்லை. வெளியே கூச்சல் கேட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஒன்றிரண்டு நாள் உயிர் இருந்திருக்கிறது. நடுவில் ஒரு தடவை நினைவு தெளிந்தபோது, ஏன் என்னை எழுப்பவில்லை என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"நல்லாத் தூங்குன. எழுப்ப மனசு வரல," என்றாராம். அதற்குப் பிறகு பேசவில்லை.

மகள் தேனியிலிருந்து காரியத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. பரீட்சை நெருங்கியிருந்தது. எஸ்டேட்டில் இரக்கம் காட்டுவதாகச் சொல்லி, அப்பா இடத்தில் மகள் பேரைச் சீக்கிரமே பதிந்துகொண்டார்கள். வீடு நின்றது. எதற்காக அந்த மனிதர் வீங்கின காலோடு டேங்க் சுமந்தாரோ, எதற்காக அக்கா அவர் நோயைத் தன் நோய் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தாரோ, அது கைவிட்டுப் போனது. அந்தப் பெண்ணை நான் ஒரு தடவை ரோட்டோரக் காட்டில் பார்த்தேன். மற்றவர்களோடு வரிசையில் நின்று கத்திரியை வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தாள். ஜீப்பை நிறுத்திப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கு இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வீட்டை வேலையோடு முடிச்சுப்போட்டவர்கள்மேல் இருக்கிறது, வாளி வைத்துக்கொள்ள மானம் பார்த்த அந்த அண்ணன்மேல்கூட இருக்கிறது. நான் படித்த படிப்பின்மேலும் இருக்கிறது. முழு ஆளையும் பார் என்றார்கள். பார்த்தேன். நாக்கு, நாடி, பயம், கனவு, எல்லாம் பார்த்தேன். ஆனால் முழு ஆள் என்பது ஒரு தோலுக்குள் முடிந்துவிடுகிற சமாச்சாரம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அக்காவின் தூக்கம் அண்ணன் உடம்பைச் சேர்ந்தது. ஒரு உடம்பில் சரி செய்ததை நான் இன்னொரு உடம்பிலிருந்து எடுத்திருக்கிறேன். இதை எந்த நாடியில் பார்ப்பது?

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து அக்கா வந்தார். நான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. செத்த வீட்டிலும் அவர் அழவில்லை என்று அங்கே பெண்கள் குசுகுசுத்ததை நான் கேட்டிருந்தேன். என்ன செய்கிறது என்று கேட்டேன்.

தூக்கம் வருகிறது என்றார். பாயில் தலை சாய்த்தால் போதும், விடிகிறவரைக்கும் கனவுகூட இல்லை. பிணத்தைக் கொண்டுவந்து போட்ட அன்று ராத்திரியும் சுவரில் சாய்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாராம். வேண்டுமென்றே காப்பியைக் குடித்து, பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, பாயை எடுத்து மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். பக்கத்து வீட்டில் இரவெல்லாம் அழுகிறார்களாம், அண்ணனுக்காக. இவர் தூங்குகிறாராம். சொல்லிவிட்டு வலது கையை மேஜைமேல் நீட்டி வைத்தார்.

"நீங்க குத்திக் குடுத்ததுதானம்மா. குத்தியே எடுத்து விட்ருங்க."

அப்படி எடுக்கிற இடம் உடம்பில் இல்லையக்கா என்றேன். நான் ஒன்றையும் கொடுக்கவில்லை, அது உங்களுடைய தூக்கம்தான், உங்களிடமே திரும்பி வந்திருக்கிறது என்றேன். சொன்னது எனக்கே அநியாயமாகக் கேட்டது. அவர் காது கொடுத்தாரா என்று தெரியவில்லை. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

வேறு வழியில்லாமல் நாடி பார்த்தேன். வலது கையில் பார்த்து, இடது கையை வாங்கிப் பார்த்து, மறுபடியும் வலது கைக்கு வந்தேன். எங்காவது ஒரு விரலுக்குக் கீழே ஒரு குறை இருக்கும், ஒரு இழுப்பு இருக்கும், அதைச் சாக்கிட்டு ஒரு ஊசியாவது போட்டு அனுப்பலாம் என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. நிதானமாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த மலையில் நான் பிடித்துப் பார்த்த நாடிகளிலேயே அதுதான் நல்ல நாடி.

என்ன சொல்லுதும்மா என்று கேட்டார்.

"நல்லா இருக்கீங்கக்கா," என்றேன்.

அதைக் கேட்டபிறகுதான் அவர் அழ ஆரம்பித்தார்.